கல்வெட்டு இல்லாத நிறுவனம்
திபெத்தின் அடிநிலத்தைக் கேட்டறிந்த கதை

விழா மலரில் ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அடிக்கல் நாட்டிய நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். நிறுவனர் படம், முதல் கட்டடம், முதல் ஊழியர்கள் என்று அது வளரும். இக்கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்ட அமைப்புக்கு அடிக்கல் இல்லை. வாசலும் இல்லை, கல்வெட்டும் இல்லை. நான்கு நாடுகளின் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வகங்களிலும் சம்பளம் வாங்கியவர்கள் 1992 முதல் 2009 வரை நான்கு கட்டங்களாகத் திபெத்தில் கூடினார்கள், அளந்தார்கள், பிரிந்தார்கள், மீண்டும் கூடினார்கள். அந்தக் கூட்டு முயற்சிக்கு ‘இன்டெப்த்’ என்று பெயர். திபெத்தையும் இமயத்தையும் ஆழமாக அளப்பதற்கான பன்னாட்டுத் திட்டம் என்பது அதன் பொருள். இந்தியத் துணைக்கண்டம் திபெத்துக்கு அடியில் என்ன ஆகிறது என்பதைப் பற்றி இன்று பாடநூல்களில் இருக்கும் படங்களில் பெரும்பகுதி இவர்களும் இவர்களைப் பின்தொடர்ந்தவர்களும் கொடுத்தவை. அதை ஒரு நிறுவனமாகவே நான் மதிக்கிறேன்.

திபெத்தின் அளவை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போலப் பத்தொன்பது மடங்கு. அத்தனை பரப்பும் சராசரியாக 5,000 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. ஒரு சிகரம் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் சொல்லிவிடலாம். ஒரு நாட்டையே மேசைபோல் தூக்கி வைத்திருப்பது எது?

இந்தக் கேள்வியின் வேர் சென்னையில் இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண நில அளவை, பின்னர் ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் வடக்கே இமயத்தின் அடிவாரம் வரை போனது. கலியான்பூர், கலியானா என்ற இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட அட்சரேகை வேறுபாட்டை நில அளவையாலும் நட்சத்திரங்களை நோக்கியும் கணித்தபோது இரண்டுக்கும் 5.236 விநாடிக் கோண அளவு இடைவெளி வந்தது. இமயத்தின் பாரம் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்ததே காரணம் என்று தெரிந்தது. கல்கத்தாவில் மதகுருவாக இருந்த கணித அறிஞர் ஜான் பிராட் அந்த இழுவையைக் கணக்கிட்டுப் பார்த்தார். மலையின் பருமனுக்கு 15.885 விநாடி இழுத்திருக்க வேண்டும். இழுத்ததோ மூன்றில் ஒரு பங்கு. 1855-இல் இதற்கு விளக்கம் சொன்ன வானியலாளர் ஜார்ஜ் ஏரி, தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளை உவமை காட்டினார். மேலே அதிகம் தெரியும் கட்டை கீழேயும் அதிகம் அமிழ்ந்திருக்கும். மலைக்குக் கனம் குறைந்த பாறையால் ஆன வேர் உண்டு என்றார். அந்த வேரை யாரும் பார்த்ததில்லை. பார்க்கும் வழியும் அன்று இல்லை.

வழி திறந்ததும் இந்தியாவில்தான். 1897 ஜூன் 12-ஆம் நாள் அசாமைக் குலுக்கிய பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ரிச்சர்ட் ஓல்டாம். தொலைவிலிருந்த கருவிகளின் பதிவுகளை ஒப்பிட்டு, அதிர்வு மூன்று வகை அலைகளாகப் பிரிந்து வருவதை 1900-இல் அவர் தெளிவாக்கினார்: முதலில் வரும் பி அலை, அடுத்து வரும் எஸ் அலை, கடைசியில் நிலப்பரப்பை ஒட்டி வரும் அலை. 1909-இல் குரோவேசியாவில் மொகொரோவிசிச் ஒரு நிலநடுக்கப் பதிவில் சில அலைகள் எதிர்பார்த்ததைவிட முந்தி வருவதைக் கண்டார். பூமியின் மேலோடு முடிந்து அதற்கு அடியிலுள்ள கவசம் தொடங்கும் எல்லையில் அலையின் வேகம் சட்டென்று கூடுகிறது என்று அவர் உணர்ந்தார். அந்த எல்லைக்கு ‘மோஹோ’ என்ற சுருக்கப் பெயர் நிலைத்துவிட்டது. தீபகற்ப இந்தியாவில் அது ஏறத்தாழ 35 முதல் 40 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. திபெத்தில் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் ஏரி சொன்ன வேரின் நீளம் தெரிந்துவிடும்.

தெரிந்துகொள்ள நீண்ட காலம் ஆயிற்று. சுவிட்சர்லாந்தின் எமில் அர்காண்ட் 1922-இல் புருசெல்ஸ் மாநாட்டில், இந்தியா ஆசியாவின் அடியில் நுழைந்து திபெத்தைத் தாங்குகிறது என்ற கருத்தைத் துணிந்து முன்வைத்தார். 1960-களில் உலகம் முழுவதும் ஒரே வகைக் கருவிகளுடன் நில அதிர்வு நிலையங்கள் அமைந்தன. இந்தியாவில் டெல்லி, ஷில்லாங், பூனா ஆகியவற்றுடன் நம் கொடைக்கானலும் அவற்றில் ஒன்று. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க எழுந்த வலைப்பின்னல் அது. அத்தகைய நிலையங்களின் பதிவுகளை வைத்துத் திபெத்தைக் குறுக்கே கடந்து வந்த அலைகளைப் பிரித்துப் பார்த்தவர்கள், அங்கே மேலோடு மற்ற கண்டங்களைப்போல் இரண்டு மடங்கு தடிமன் என்றார்கள். வெளியே நின்றுகொண்டு உள்ளே கேட்ட சத்தம் அது. வீட்டுக்குள் போகக் கதவு திறக்க வேண்டியிருந்தது.

கதவு திறந்தது 1980-களில். முதலில் பிரெஞ்சு அறிஞர்கள் சீனர்களுடன் சேர்ந்து உள்ளே போனார்கள். 1991-92-இல் அமெரிக்க, சீனக் குழு லாசாவிலிருந்து வடக்கே கோல்முட் வரை பதினோரு அகலப்பட்டை நில அதிர்வுமானிகளை ஓராண்டு காலம் வைத்திருந்தது. பதினொன்று என்பது அத்தனை பெரிய நிலத்துக்கு மிகக் குறைவு. ஆனாலும் தென்திபெத்துக்கு அடியிலுள்ள கவசம் குளிர்ந்து கெட்டியாகவும், வடதிபெத்தில் சூடேறித் தளர்ந்தும் இருக்கிறது என்ற செய்தி அந்தப் பதிவுகளில் உறுதிப்பட்டது. ஒரே பீடபூமி, அடியில் இரண்டு வகை நிலம். இன்டெப்த் பிறந்தது இந்தக் கட்டத்தில்.

அதன் தாய்வீடு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். எண்ணெய்க் கம்பெனிகள் மண்ணுக்குள் வெடி வைத்து எதிரொலி வாங்கி எண்ணெய் தேடும் முறையை, மேலோட்டின் அடிவரை பார்க்கப் பயன்படுத்தலாம் என்று ஜாக் ஆலிவரும் சிட்னி காஃப்மனும் 1970-களில் அங்கே ‘கோகார்ப்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நமக்கு இம்முறை புதிதல்ல. எதிரொலி வரும்வரை காத்திருக்கும் நேரம்தான் வேறு. எண்ணெய் தேடுகிறவர் நான்கைந்து விநாடி கேட்டால் போதும். எழுபத்தைந்து கிலோமீட்டர் ஆழத்தைத் தொட்டுவிட்டு அலை திரும்ப இருபத்து நான்கு விநாடி ஆகும். அவ்வளவு தூரம் போய் வரும் ஒலி மிக மெலிந்திருக்கும். அதைக் காற்றின் இரைச்சலிலிருந்தும் வண்டிகளின் அதிர்விலிருந்தும் பிரித்தெடுக்க வேண்டும்.

1992 கோடையில் இன்டெப்த்தின் முதல் கட்டம் நடந்தது. சீன நிலவியல் அறிவியல் கழகத்தின் சாவோ வென்ஜின், சிராகியூஸ் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் நெல்சன், கார்னெலின் லாரி பிரவுன் ஆகியோர் முன்னின்றார்கள். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியாகக் குறைந்துவிடும் உயரத்தில் ஆழ்துளையிட்டு, வெடிமருந்து இறக்கி, அதிர்வை உணரும் ஜியோபோன் கம்பிகளை இழுத்துக்கொண்டு நகர வேண்டும். இமயத்தின் வடசரிவில், சீன எல்லைக்குள், அளவுக்கோடு சுமார் நூறு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த நூறு கிலோமீட்டரில் இரண்டு கோடுகள் தெளிவாக விழுந்தன. ஒன்று ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தொடங்கி வடக்கே சரிந்து 40 கிலோமீட்டர் வரை இறங்கியது: இந்தியா அடியில் நுழைகிற அந்தச் சறுக்குத் தளம். இன்னொன்று 75 கிலோமீட்டர் ஆழத்தில் மோஹோ. அர்காண்டின் கருத்துக்கு எழுபது ஆண்டுக்குப் பிறகு கண்ணால் காணும் சான்று கிடைத்தது. 1993-இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது.

இரண்டாம் கட்டம் 1994-இல். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். திட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. லாசாவுக்கு வடமேற்கே யாங்பாஜைன் என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. 1977 முதல் அங்கே புவிவெப்ப மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கு வழியாக அளந்துகொண்டு போனபோது, 15 முதல் 18 கிலோமீட்டர் ஆழத்தில் எதிரொலி திடீரென்று பளிச்சென்று வந்தது. சாதாரணப் பாறைகளுக்கு இடையிலான எல்லை அத்தனை வலுவாக அலையைத் திருப்பி அனுப்பாது. அங்கே ஏதோ திரவம் இருக்க வேண்டும். என்ன திரவம்?

1996 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் நெல்சனும் கூட்டாளிகளும் அது உருகிய பாறை என்று எழுதினார்கள். தென்திபெத்தின் நடு மேலோடு ஓரளவு உருகிக் குழைந்திருக்கிறது. அதன் மேல்தான் பீடபூமி உட்கார்ந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. நிலத்தின் மின்கடத்துத் திறனை அளந்தவர்களும் அதே ஆழத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும் அடுக்கைக் கண்டார்கள். ஆனால் இதே திட்டத்தில் பங்கேற்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மாகோவ்ஸ்கியும் சைமன் கிளெம்பெரரும் 1999-இல் மாற்றுக் கருத்து சொன்னார்கள். எதிரொலியின் வலுவைக் கணக்கிட்டால், அந்தப் பளிச்சிடும் இடங்களில் இருப்பது பாறை இடுக்குகளில் தேங்கிய உப்பு கலந்த சுடுநீராக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார்கள்.

ஒரே குழு, ஒரே பதிவு, இரண்டு தீர்ப்பு. பல இடங்களில் இந்த மாதிரி நேரத்தில் தலைமை யார் பக்கமோ அவர் சொல்வதே நிற்கும். மற்றவர் கட்டுரை மேசை அறைக்குள் போகும். இங்கே இரண்டும் அச்சேறின. உருகிய பாறையும் நீரும் அருகருகே இருக்கலாம் என்ற இடத்துக்கு விவாதம் பின்னர் வந்து சேர்ந்தது. குழைந்த நடு மேலோடு தேன்போல் மெல்ல வழிந்து பீடபூமியின் விளிம்புகளை நோக்கி நகர்கிறது என்ற கோட்பாடும் இந்தப் பதிவுகளால் வலுப்பெற்றது. இன்டெப்த் கண்ட உண்மைகளில் எதைவிடவும் இந்த மாற்றுக் கருத்தை மறைக்காத பழக்கத்தை நான் உயர்த்திச் சொல்வேன்.

மூன்றாம் கட்டம் 1998-99. இதில் வெடியைவிட நிலநடுக்கமே பெரிய ஆசிரியர். இங்கே ஜெர்மனியின் போட்ஸ்டாமிலிருந்து வந்த ரைனர் கிண்ட் குழுவைச் சொல்ல வேண்டும். 1889-இல் ஜப்பானில் நடந்த ஒரு நிலநடுக்கத்தின் அதிர்வைப் பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் முதன்முதலாக ஒரு கருவி பதிவு செய்தது போட்ஸ்டாமின் டெலிகிராஃபன்பெர்க் குன்றில்தான். தொலைவில் நடக்கும் நிலநடுக்கத்தை வைத்து உள்ளூர் நிலத்தைப் படிக்கும் கலையில் அதே குன்றின் ஆய்வகம் நூறாண்டு கழித்து முன்னோடியாக நின்றது.

முறை இப்படி: இந்தோனேசியாவிலோ பசிபிக் ஓரத்திலோ நிலம் நடுங்குகிறது. அதன் பி அலை பூமியின் ஆழத்துக்குள் வளைந்து சென்று திபெத்துக்கு அடியிலிருந்து ஏறத்தாழச் செங்குத்தாக மேலே ஏறுகிறது. மோஹோவைக் கடக்கும்போது அதில் ஒரு பகுதி எஸ் அலையாக மாறிவிடுகிறது. எஸ் அலை மெதுவானது. ஆகவே பி அலைக்குப் பின்னால் வந்து சேரும். நம் தீபகற்பத்தில் இந்த இடைவெளி நான்கு, நாலரை விநாடி. திபெத்தில் எட்டு, ஒன்பது விநாடி. அந்த இடைவெளியை அளந்தால் மேலோட்டின் தடிமன் கைக்கு வந்துவிடும். ஒரு நிலநடுக்கம் போதாது. நூற்றுக்கணக்கான பதிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், எல்லை தெளியும். நிலையங்கள் நெருக்கமாக இருந்தால் படத்தின் கோடுகள் இணைந்து ஓடும்.

கேட்க எளிது. ஆனால் அதற்குச் சூரியத் தகடும் பேட்டரியும் பதிவுக் கருவியும் புதைத்த குழிகளை ஓராண்டு காலம், குளிர்காலம் உட்பட, உயிரோடு வைத்திருக்க வேண்டும். குளிரில் பேட்டரி படுத்துவிடும். மேய்ச்சல் நிலத்தில் கம்பி அறுபடும். சாலை பனியில் மூடிவிடும். ஒவ்வொரு நிலையமும் ஒரு பயணம், ஒவ்வொரு பயணமும் பல நாள்.

திபெத்தின் நடுவே ஓடும் பாங்கோங்-நூஜியாங் தையல் கோட்டைக் குறுக்கே வெட்டிச் சென்ற அந்த நிலைய வரிசையின் பலன், 2002-இலும் 2003-இலும் ‘சயின்ஸ்’ கட்டுரைகளாக வந்தது. கண்டத் துண்டுகள் மோதி ஒட்டிய வடுவைத் தையல் என்று நிலவியலார் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த சொல்லாட்சி. அந்தத் தையலுக்குச் சற்றுத் தெற்கே, இந்தியக் கண்டத்தின் குளிர்ந்த அடித்தளம் கவசத்துக்குள் செங்குத்தாகச் சரிந்து 400 கிலோமீட்டர் வரை இறங்குவதாக ஃபிரடெரிக் டில்மனும் குழுவும் காட்டினார்கள். வடக்கிலிருந்து ஆசியத் தகடு தெற்கே சரிகிறது என்று கிண்ட் குழு காட்டியது. இந்தியா எவ்வளவு தூரம் வடக்கே போயிருக்கிறது என்பது மேற்கிலும் கிழக்கிலும் ஒன்றல்ல என்பதும் பின்னர் விளங்கியது. மேற்கில் நெடுந்தூரம், கிழக்கே போகப் போகக் குறைவு. ஒரே ஒரு வரிசையை அளந்துவிட்டுத் திபெத் முழுவதற்கும் தீர்ப்பு எழுதியவர்களுக்கு இது நல்ல பாடம்.

நான்காம் கட்டம் 2007 முதல் 2009 வரை வடதிபெத்தில், குன்லுன் மலைத்தொடரையும் சைதாம் படுகையையும் ஒட்டி நடந்தது. அங்கே மோஹோ 70 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டருக்குப் படிபோல ஏறுகிறது. பீடபூமி முடிகிற இடம் அது.

இன்டெப்த்துக்கு வெளியே நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த வரலாறு முழுமை பெறாது. 2002 முதல் 2005 வரை ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் நாபெலெக் தலைமையில் நடந்த ‘ஹை-கிளைம்ப்’ திட்டம், கங்கைச் சமவெளியிலிருந்து நேபாளம் வழியாகத் திபெத்தின் நடுப்பகுதி வரை சுமார் 800 கிலோமீட்டர் நீளத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவி வைத்தது. 1991-இன் பதினொன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 2009-இல் வந்த அந்தப் படத்தில், இந்தியாவின் கீழ் மேலோடு இமயத்துக்கு அடியில் புகுந்து 31 பாகை வட அட்சரேகை வரை திபெத்தின் அடியோடு ஒட்டிக் கிடப்பது ஒரே தொடர்கோடாகத் தெரிந்தது. ஏரி சொன்ன வேர் அதுதான்.

சறுக்குத் தளத்தின் படத்தை வெறும் அறிவுத் தாகத்துக்காக வரையவில்லை. 2015 ஏப்ரல் 25-ஆம் நாள் நேபாளத்தில் கோர்க்கா நிலநடுக்கம் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைப் பலி கொண்டது. அன்று நழுவியது அந்தத் தளத்தின் ஒரு பகுதி. தளம் எங்கே வளைகிறது, எங்கே பிடித்துக்கொண்டு நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்பதை முன்கூட்டி அறிய இந்தப் பதிவுகள் பெரிதும் துணை செய்கின்றன. டேராடூனிலும் காட்மாண்டுவிலும் வீடு கட்டுகிறவருக்கு இது ஏட்டுப் பேச்சு அல்ல.

மலையின் இந்தப் பக்கத்தில் நாம் என்ன செய்தோம்? ஹைதராபாத்தில் 1961-இல் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் எழுந்தது. தொடக்க ஆண்டுகளில் அதன் இயக்குநராக இருந்தவர் தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்தில் பிறந்த எம். எஸ். கிருஷ்ணன், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரும் அவரே. 1970-களில் அந்நிறுவனம் ஆந்திரக் கரையின் காவலியிலிருந்து மேற்குக் கரையின் உடுப்பி வரை 600 கிலோமீட்டர் நீளத்துக்கு வெடி அதிர்வுகளால் மேலோட்டை அளந்தது. அந்தப் பயிற்சியில் வளர்ந்த நிறுவனம் பிறகு லடாக்குக்கு ஏறியது. எஸ். எஸ். ராயும் கேம்பிரிட்ஜின் கீத் பிரீஸ்ட்லியும் வினோத் கௌரும் மற்றவர்களும் 2006-இல் வெளியிட்ட முடிவு இது: டெல்லிக்கு அடியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் இருக்கும் மோஹோ, வடக்கே சரிந்து சரிந்து, காரகோரம் பிளவை ஒட்டிய தக்ஷாவில் 75 கிலோமீட்டராகிறது. திபெத்தில் சீன எல்லைக்குள் 1992-இல் வெடி வைத்து அளந்த அதே எண்.

இரண்டு குழுக்கள், இரண்டு நாடுகள், இரண்டு முறைகள், எண் ஒன்று. நிலத்துக்கு அடியில் எல்லைக்கோடு இல்லை. ஆனால் மேலே இருக்கிறது. மலையின் இரு பக்கத்து நிலையங்களும் ஒரே வலையாக இன்னும் சேரவில்லை. லடாக்கிலிருந்து மேற்குத் திபெத்துக்கு இடைவெளி இல்லாமல் ஒரே வரிசை வேண்டும். இந்தியா அடியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்ற கேள்விக்கு அந்த மேற்குப் பகுதி மிக முக்கியமானது. அரசுகள் ஒப்புக்கொள்ளும்வரை அது நடக்காது.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லாத வேலை ஒன்று உண்டு. 1991 முதல் திபெத்தில் பதிவான அகலப்பட்டை அதிர்வுகளில் பெரும்பகுதி அமெரிக்காவின் நில அதிர்வுத் தரவு மையம் வழியாக யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றைக் கையாளும் மென்பொருள்களும் இலவசம். பதிவு செய்தவர்கள் அன்று கேட்டறிந்ததைவிட அதிகமான செய்தி அந்தக் கோப்புகளில் இருக்கிறது. அதை எடுக்க இன்றைய கணினிகளுக்கு வலு உண்டு. இம்மலரைக் கையில் வைத்திருக்கும் நிலவியல், இயற்பியல் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு நிலையத்தின் ஓராண்டுப் பதிவை இறக்கிக்கொள்ளுங்கள். பி அலைக்குப் பின்னால் எட்டாவது, ஒன்பதாவது விநாடியில் வரும் அந்தச் சிறிய மேட்டை நீங்களே கண்டுபிடியுங்கள்.